சம்பளத்துக்குள் அடங்குமா சாம்பியன் கனவு?

2025 பிப்ரவரியில் புல்லேலா கோபிசந்த் சொன்ன ஒரு கருத்து, பிள்ளைகளை விளையாட்டுப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் பலரைச் சுருக்கென்று தைத்தது. வீட்டில் பணம் இருக்க வேண்டும், அல்லது பின்னால் கைகொடுக்கக் குடும்பத் தொழிலாவது இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் பிள்ளையை விளையாட்டில் இறக்க வேண்டாம் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

யாரோ விவரம் தெரியாதவர் சொல்லியிருந்தால் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். சொன்னவர் 2001இல் ஆல் இங்கிலாந்து பேட்மின்டன் பட்டத்தை வென்றவர். ஹைதராபாத்தின் கச்சிபவுலியில் அகாடமி கட்டப் பணம் போதாமல் சொந்த வீட்டை அடமானம் வைத்தவர். அந்த அகாடமியிலிருந்துதான் 2012இல் சாய்னா நேவாலின் ஒலிம்பிக் வெண்கலமும் 2016இல் பி.வி.சிந்துவின் வெள்ளியும் வந்தன. இந்தியாவில் ஒரு பிள்ளையைச் சாம்பியனாக்க என்ன செலவாகும், எத்தனை பேர் பாதியில் உதிர்வார்கள், உதிர்ந்தவர்கள் என்ன ஆவார்கள் என்பதை இருபது ஆண்டுகளாகப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அவரே இப்படிச் சொல்கிறார் என்றால், சம்பளத்தை நம்பி வாழும் குடும்பம் என்னதான் செய்வது?

ஹைதராபாத்தின் சைனிக்புரியில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். முன்னாள் ராணுவத்தினருக்காக உருவான குடியிருப்பு இது. சுற்றிலும் ஈ.சி.ஐ.எல்., அணு எரிபொருள் வளாகம், யாப்ரால், நேரெட்மெட், திருமலகிரி. ராணுவம், பொதுத்துறை, ஆராய்ச்சிக்கூடம் என்று வேலைக்கு வந்து இந்த வட்டாரத்திலேயே வேர்பிடித்துவிட்ட தமிழ்க் குடும்பங்கள் நிறைய. மாதச் சம்பளமும் பென்ஷனும்தான் இங்கே பல வீடுகளின் ஆதாரம். கோபிசந்த் சொல்லும் குடும்பத் தொழில் கிடையாது. ஆனால் ஆசைக்குக் குறைவில்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது. சென்னை சூப்பர் கிங்ஸ் மஞ்சள் சட்டையில் நாம் கொண்டாடிய அம்பத்தி ராயுடு படித்தது சைனிக்புரி ராமகிருஷ்ண வித்யாலயாவில். அப்பா ஆவணக் காப்பகத் துறையில் அரசு ஊழியர். மகன் மூன்றாம் வகுப்புப் படித்த காலத்தில், 1992இல், முன்னாள் ஹைதராபாத் வீரர் விஜய் பாலின் பயிற்சி முகாமில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான். நம்மைப் போல ஒரு சம்பளக்காரர் வீட்டுப் பையன் அங்கே போனானே, நம் பிள்ளை ஏன் போகக்கூடாது என்று ஒரு தகப்பன் நினைப்பதில் என்ன தவறு?

தவறில்லை. ஆனால் செலவின் கணக்கை யாரும் முழுசாக எழுதிக் காட்டுவதில்லை.

இறகுக்கு ஒரு விலை

பேட்மின்டனையே எடுத்துக்கொள்வோம். ஹைதராபாத் என்றாலே நினைவுக்கு வரும் ஆட்டம். ஆரம்பத்தில் இது மலிவான ஆட்டமாகத்தான் தெரியும். ஒரு ராக்கெட், ஒரு ஜோடி ஷூ, மாதக் கோச்சிங் கட்டணம், அவ்வளவுதானே என்று தோன்றும். நைலான் ஷட்டிலில் ஆடும்வரை அது உண்மையும்கூட. மாவட்டப் போட்டி என்ற பேச்சு வந்ததும் இறகு ஷட்டிலுக்கு மாற வேண்டும். கணக்கு அங்கேதான் புரள்கிறது.

ஒரு இறகு ஷட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள். தக்கையில் வட்டமாகச் செருகிய 16 இறகுகள், வாத்து அல்லது கூஸ் வாத்தின் சிறகிலிருந்து எடுத்தவை. ஒன்று ஒடிந்தாலும் ஷட்டில் பறக்கும் வழி மாறிவிடும். வேகமாக ஸ்மாஷ் அடிக்கத் தெரிந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருவர் மோதினால் ஒரு கேமுக்கே இரண்டு மூன்று ஷட்டில் உதிர்ந்துவிடும். கோச் ஒருவர் வலைக்கு அந்தப்பக்கம் நின்று மாற்றி மாற்றி ஷட்டிலாகத் தள்ளும் பயிற்சியில் பழைய ஷட்டில்களைப் பயன்படுத்துவார்கள்; அந்தப் பழையவையும் என்றைக்கோ யாரோ காசு கொடுத்து வாங்கியவைதான். பல இடங்களில் கோச்சிங் கட்டணம் வேறு, ஷட்டில் காசு வேறு. பன்னிரண்டு ஷட்டில் கொண்ட தரமான ஒரு டியூப் ஆயிரம் ரூபாயைத் தாண்டிப் பல காலமாகிறது. 2025இல் சீனாவிலிருந்து இறகு வரத்து சுருங்கியபோது விலை எகிறியது. கையிருப்பு எத்தனை நாளுக்குத் தாங்கும் என்று பெரிய அகாடமிகளே கவலைப்பட்டன. பெரிய அகாடமிக்கு அது கையிருப்புக் கவலை. ஐம்பதாயிரம் சம்பளக்காரருக்கு அது அந்த மாத மளிகைக் கவலை.

வீட்டுக்கு மாதம் 50,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாடகை, மளிகை, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், பெட்ரோல், ஊரிலிருக்கும் அப்பா அம்மாவுக்கு அனுப்புவது எல்லாம் போக 8,000 மிஞ்சினால் பெரிது. கோச்சிங்குக்கு 4,000, ஷட்டிலுக்கு 2,000, ராக்கெட் நரம்பு அறுந்தால் மறுபடி கட்ட ஐந்நூறோ அதற்கு மேலோ, வளரும் காலில் ஆறு மாதம்கூடத் தாங்காத ஷூ. எட்டாயிரம் அதோடு தீர்ந்தது. இன்னும் ஒரு போட்டிக்குக்கூடப் போகவில்லை. வெளியூர்ப் போட்டி என்றால் என்ட்ரி ஃபீஸ் சில நூறு, அது பெரிதில்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது. கூட ஒருவர் போக வேண்டும். இரண்டு டிக்கெட், லாட்ஜ், ஹோட்டல் சாப்பாடு, லீவு. முதல் ரவுண்டிலேயே தோற்றாலும் செலவு அதேதான்.

இந்த இடத்தில் ரயில்வே பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மாநில, தேசியப் போட்டிகளுக்குப் போகும் விளையாட்டு வீரர்களுக்கு ஸ்லீப்பர் வகுப்பில் 75 சதவீதம்வரை கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி மாணவர், நோயாளி, மாற்றுத்திறனாளி ஆகிய பிரிவுகள் தவிர மற்றவர்களுக்கான சலுகைகளை நிறுத்தினார்கள். மூத்த குடிமக்கள் சலுகை போனதைப் பற்றி நாடாளுமன்றம்வரை பேச்சு எழுந்தது. விளையாட்டுப் பிள்ளைகளின் சலுகை போனதைப் பற்றி நான் எங்கும் பெரிதாகப் படிக்கவில்லை. அந்தச் சலுகையால் அரசுக்கு ஆன செலவு சொற்பம். அது இல்லாததால் ‘இந்த வருஷம் ஸ்டேட் மேட்சுக்குப் போக வேண்டாம்’ என்று முடிவெடுக்கும் வீடுகள் எத்தனையோ.

பெட்ரோலில் எரியும் ஆயுள்

பணத்தை எழுதிவிடலாம். நேரத்தை எழுதுவது கஷ்டம். சாய்னாவின் அப்பா ஹர்வீர் சிங் ராஜேந்திரநகரில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிறுவனத்தில் விஞ்ஞானி. லால்பகதூர் ஸ்டேடியம் அங்கிருந்து 25 கிலோமீட்டர். விடியும் முன்பே மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பி, பயிற்சி முடிந்ததும் பள்ளிக்கு அழைத்துப்போவார். செலவு ஏற ஏற, வருங்கால வைப்பு நிதியில் கைவைத்தார். 2002இல் ராக்கெட் நிறுவனம் ஒன்று மகளின் கிட் செலவை ஏற்கும்வரை பாரமெல்லாம் ஒரே சம்பளத்தின் மேல்தான்.

சிந்துவின் வீடு இன்னும் வசதியான இடத்தில் தொடங்கியது என்று தோன்றும். அப்பா பி.வி.ரமணா 1986 சியோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற வாலிபால் அணியில் ஆடியவர். அம்மா விஜயாவும் வாலிபால் வீராங்கனை. இருவரும் ரயில்வே ஊழியர்கள். ஆட்டம் என்றால் என்னவென்று தெரிந்த வீடு. அப்படிப்பட்ட வீட்டிலும், சிந்து கச்சிபவுலிக்குப் பயிற்சிக்குப் போய்வர நாளொன்றுக்கு 56 கிலோமீட்டர் பயணம் தேவைப்பட்டது. ரியோ ஒலிம்பிக்குக்கு முன்னால் ரமணா மாதக்கணக்கில் லீவு போட்டுவிட்டு மகளோடு இருந்தார். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவருக்கு அது கிடைத்தது. தனியார் கம்பெனியில் மேலாளர் முகம் பார்த்துப் பர்மிஷன் கேட்கும் தகப்பனுக்கு எட்டு நாள் சேர்ந்தாற்போலக் கிடைக்குமா?

சைனிக்புரியிலிருந்து கச்சிபவுலி முப்பது கிலோமீட்டருக்கு மேல். நகரத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை. காலை எட்டரைக்கு மேல் அந்தச் சாலைகளில் சிக்கினால் பள்ளியின் முதல் பீரியட் போனதுதான். இந்தக் கணக்கில் கடைசியில் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் அம்மாவாகத்தான் இருக்கிறார். வேலையை விடுவார், அல்லது பதவி உயர்வு வேண்டாம் என்பார். அந்த இழப்பை எந்த வீட்டுக் கணக்கு நோட்டும் பிள்ளையின் விளையாட்டுச் செலவில் சேர்ப்பதில்லை.

ஒரு மேட்சுக்கு ஆயிரம் ரூபாய்

இதையெல்லாம் ஒரே வீட்டில் பார்க்க வேண்டுமானால் சிகந்திராபாத்தின் ஒரு தமிழ்க் குடும்பத்தைத்தான் பார்க்க வேண்டும். அப்பா துரைராஜ் இந்திய விமானப்படையில் வேலை பார்த்தவர். அம்மா லீலா. மகன் மிதுன் செயின்ட் ஜான்ஸ் கிரிக்கெட் முகாமுக்குப் போய்க்கொண்டிருந்தான். மகளுக்கோ காலையில் எழுந்திருக்க மனசே வராது. ராணுவ ஒழுங்கில் வளர்ந்த அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அண்ணனோடு அவளையும் மைதானத்துக்குக் கிளப்பினார். எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவதும், பயிற்சி முடியும் நேரத்தில் நாலு பந்து அடித்துப் பார்ப்பதுமாக இருந்த அந்தச் சிறுமி மட்டையை வீசும் விதத்தைக் கோச் ஜோதி பிரசாத் கவனித்தார். பையனைவிட இவளிடம்தான் ஆட்டம் இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லி, சம்பத்குமார் என்ற கண்டிப்பான பயிற்சியாளரிடம் அனுப்பிவைத்தார். அந்தச் சிறுமிதான் மிதாலி ராஜ்.

எட்டு வருஷம் பரதநாட்டியம் கற்றவர். ஒரு கட்டத்தில் நாட்டியமா கிரிக்கெட்டா என்று தீர்மானிக்க வேண்டி வந்தது. பெண் பிள்ளை வெயிலில் பந்து பொறுக்குவதா என்று வீட்டுப் பெரியவர்களுக்கு வருத்தம். அம்மா தான் பார்த்துவந்த வேலையை விட்டார். 1997இல் சம்பத்குமார் சாலை விபத்தில் இறந்துபோனார். மாணவி இந்தியாவுக்காக ஆடியதை அவர் பார்க்கவில்லை. 1999 ஜூனில், பதினாறு வயதில், இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் அயர்லாந்துக்கு எதிராக முதல் ஒருநாள் போட்டியில் இறங்கிய மிதாலி 114 ரன் அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். 2002இல் டான்டனில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் 214.

இதற்கெல்லாம் என்ன வருமானம்? அன்றைக்குப் பெண்கள் கிரிக்கெட் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் கீழ் இல்லை. தனிச் சங்கம் நடத்தியது, சங்கத்திடமும் பணமில்லை. 2005 உலகக்கோப்பையில் இந்திய அணி இறுதிப்போட்டிவரை போனது. அந்தத் தொடருக்குத் தங்களுக்குக் கிடைத்தது மேட்ச் ஒன்றுக்கு 1,000 ரூபாய் என்று மிதாலியே பேட்டியில் சொல்லியிருக்கிறார். எட்டு மேட்ச், 8,000 ரூபாய். நாட்டின் கேப்டனுக்கு! ரயில்வே வேலைதான் அவர் போன்றவர்களுக்குச் சோறு போட்டது. 2006இல் வாரியம் பெண்கள் கிரிக்கெட்டை ஏற்றுக்கொண்டது. 2022 அக்டோபரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே மேட்ச் ஃபீஸ் என்று அறிவித்தது. அதற்குச் சில மாதம் முன்பு ஜூனில் மிதாலி ஓய்வு பெற்றுவிட்டார். 2025 நவம்பர் 2ஆம் தேதி நவி மும்பையில் ஹர்மன்பிரீத் அணி உலகக்கோப்பையை வென்றபோது வாரியம் அறிவித்த பரிசு 51 கோடி.

எட்டாயிரத்துக்கும் ஐம்பத்தோரு கோடிக்கும் நடுவில் இருபது வருஷம். அந்தக் கோடிகளுக்கு அடித்தளம் போட்டது யார்? விமானப்படைச் சம்பளத்தில் மகளுக்குக் கால் பேடு வாங்கிய ஒரு வீடு. மிதாலியைப் போன்ற மற்ற பெண்களின் வீடுகள். நம் நாட்டில் விளையாட்டுக்குப் பணம் வருகிற வழி இதுதான்: ஜெயித்த பிறகு வரும். ஜெயிக்கும்வரை வீடு பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்றைக்கும் அதுதான் நிலை. கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 6.28 லட்சம் ரூபாய் மதிப்புள்ள உதவி. அதில் மாதம் 10,000 கைச்செலவுக்கு. ஒலிம்பிக் பதக்க வாய்ப்புள்ளவர்களுக்கான டாப்ஸ் திட்டத்தில் மாதம் 50,000. நல்ல திட்டங்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தேசிய அளவில் கண்ணில் பட்ட பிறகுதான் அந்தப் படிகள் தெரியும். எட்டு வயதிலிருந்து பதினாலு வயதுவரை, திறமை தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அந்த ஆறு வருஷம் யார் கணக்கில்? அங்கேதான் சம்பளக்கார வீட்டுப் பிள்ளைகள் உதிர்கிறார்கள். கோபிசந்த் சொன்னதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அது பிள்ளைகளுக்குச் சொன்ன புத்தி இல்லை. நாட்டின் மேல் வைத்த குற்றச்சாட்டு.

யாரோ ஒருவர் கைகொடுக்க வேண்டும்

ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஜெயித்ததே இல்லையா என்று கேட்பீர்கள். ஜெயித்திருக்கிறார்கள், அதுவும் இதே ஊரில். முகமது சிராஜின் அப்பா முகமது கவுஸ் ஆட்டோ ஓட்டியவர். திலக் வர்மாவின் அப்பா எலக்ட்ரீஷியன். மகன் கிரிக்கெட்டை விடாமல் இருந்ததற்குக் காரணம் கோச் சலாம் பயாஷ். நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த லிங்கம்பள்ளி அகாடமிக்குப் பையனைத் தன் வண்டியில் ஏற்றிப்போய், சோறும் போட்டு, கட்டணமும் வாங்காமல் கற்றுக்கொடுத்தவர். 2022 ஐ.பி.எல். ஏலத்தில் திலக்கை மும்பை 1.7 கோடிக்கு எடுத்தது. தமிழ்நாட்டுச் செஸ் வீரர் குகேஷை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர். மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தொழிலையே நிறுத்தினார். அம்மாவின் சம்பளத்தில் வீடு ஓடியது. மருத்துவர் வீட்டுக்கே 2017, 2018 வாக்கில் பணம் முட்டி, பெற்றோரின் நண்பர்கள் செலவை ஏற்றார்கள் என்று உலக சாம்பியனான பிறகு குகேஷே சொன்னார். செஸ்ஸுக்கு ஷட்டில் வேண்டாம், ஷூ வேண்டாம். விமான டிக்கெட்டும் கோச்சும் மட்டும்தான். அதற்கே இந்த நிலை.

இந்தக் கதைகளை மேடையில் சொல்லும்போது விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டு என்பார்கள். எனக்கு வேறொன்று தெரிகிறது. ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட ஒரு மனிதர் குறுக்கே வந்து கைகொடுத்திருக்கிறார். அந்த மனிதர் வராத வீடுகளில் எத்தனை திலக்குகள் வயரிங் வேலைக்குப் போனார்களோ! ஒரு நல்ல மனிதர் தற்செயலாக எதிர்ப்படுவதை நம்பி நாட்டின் விளையாட்டு நடக்கலாமா?

பக்கத்திலேயே ஒரு வாசல்

சைனிக்புரியிலிருந்து வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ஹக்கிம்பேட்டையில் தெலங்கானா அரசின் விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. நான்காம் வகுப்பிலேயே சேர்க்கை. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசுச் செலவு. கரீம்நகர், அடிலாபாத்திலும் இதே போன்ற பள்ளிகள் உண்டு. தனியார் கோச்சிங்குக்கு மாதம் ஐயாயிரம் அழும் பல பெற்றோருக்கு இப்படி ஒன்று பக்கத்தில் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் ‘அது கிராமத்துப் பிள்ளைகளுக்கு’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

அங்கே தேர்வு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. கிரிக்கெட் ஆடத் தெரியுமா, ராக்கெட் பிடிக்கத் தெரியுமா என்று கேட்பதில்லை. எட்டு வயதுக்காரனின் உடம்பைத்தான் பார்க்கிறார்கள். உயரம், எடை, ஓடிவந்து 30 மீட்டரை எத்தனை விநாடியில் கடக்கிறான், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் தாண்டுகிறான், எவ்வளவு உயரம் எம்புகிறான், பத்து மீட்டரை ஆறு தடவை திரும்பித் திரும்பி ஓடும்போது காலின் சுறுசுறுப்பு எப்படி, மெடிசின் பாலை எவ்வளவு தூரம் எறிகிறான், உடம்பு எவ்வளவு வளைகிறது, 800 மீட்டர் ஓடும்போது மூச்சு எவ்வளவு தாங்குகிறது. மண்டல அளவில் தொடங்கி மாவட்டம், மாநிலம் என்று மேலே போகும். ஆயிரக்கணக்கில் செலவழித்து எந்த ஆட்டத்தில் சேர்ப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் முன், இந்தச் சோதனைகளைப் பிள்ளையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காலனி மைதானத்தில் செய்து பார்க்கலாம். டேப் ஒன்றும் செல்போனில் இருக்கும் ஸ்டாப்வாட்சும் போதும்.

ராணுவத்தின் பாய்ஸ் ஸ்போர்ட்ஸ் கம்பெனி இன்னொரு வாசல். எட்டிலிருந்து பதினாலு வயதுவரையுள்ள பையன்களைத் திறமை பார்த்து எடுத்து, படிப்பும் பயிற்சியும் சாப்பாடும் கொடுத்து, வயது வந்ததும் ராணுவத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஹைதராபாத், சிகந்திராபாத் ராணுவ மையங்களிலும் இவை உண்டு. பெண் பிள்ளைகளுக்கும் இப்போது தொடங்கியிருக்கிறார்கள். ராணுவ வாசனை உள்ள சைனிக்புரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிவிலியன் குடும்பங்களுக்குத்தான் சொல்கிறேன். வேலை நிச்சயம் என்பதால், குடும்பத் தொழில் இல்லாதவர்களுக்கு என்ன கதி என்ற கோபிசந்தின் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஏற்பாடு இது.

சமூகநலத் துறையின் குருகுலப் பள்ளிகளையும் மறக்கக்கூடாது. 2014இல் பதின்மூன்று வயதில் எவரெஸ்ட் ஏறிய மாலாவத் பூர்ணா அந்தப் பள்ளியின் பிள்ளை. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஹெப்டத்லானில் வெண்கலம் வென்ற அகசரா நந்தினியும் அங்கே படித்தவர்தான். அப்பா டீக்கடை வைத்திருந்தவர். ஏழு போட்டிகள் சேர்ந்தது ஹெப்டத்லான். தனியாரிடம் பயிற்சி எடுக்க வேண்டுமென்றால் டீக்கடை வருமானத்தில் நினைத்துப் பார்க்க முடியுமா? தனிமனித தயவு இல்லாமல், ஒரு அமைப்பே கைகொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தப் பெண்கள் சாட்சி. தமிழ்நாட்டிலும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள் பல பத்தாண்டுகளாக நடக்கின்றன. 2023இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை, வெளியூர், வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போகப் பணமில்லாதவர்களின் விண்ணப்பத்தை வாங்கி உதவுகிறது. எல்லா மாநிலத்திலும் வேண்டிய ஏற்பாடு.

விடுதிக்கு அனுப்பும் முன் போய்ப் பாருங்கள். பெண் பிள்ளைக்கு வார்டன் யார், இரவில் யார் பொறுப்பு, புகார் சொல்ல யாரிடம் போவது, வாரம் ஒரு தடவையாவது போனில் பேச முடியுமா என்று கேளுங்கள். கேட்பதைத் தவறாக நினைக்கும் இடமென்றால் அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

வீட்டுக்குள் ஒரு பேச்சு

விடுதிக்கு அனுப்ப மனமில்லை, வீட்டிலிருந்தே ஆடட்டும் என்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் சில உண்டு. பெற்றோர் பலர் அடிபட்டுக் கற்றுக்கொண்டவை இவை.

மாதக் கணக்காகப் பார்க்காமல் வருஷக் கணக்காகப் பாருங்கள். கோச்சிங், ஷூ, பயணம், போட்டி எல்லாம் சேர்த்து இந்த வருஷம் இவ்வளவுதான் என்று ஏப்ரலிலேயே ஒரு தொகையை எழுதிவிடுங்கள். அந்தத் தொகைக்குள் எத்தனை போட்டி என்பதைப் பிள்ளையையும் உட்காரவைத்துப் பேசி முடிவு செய்யுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் பண விஷயம் புரியாது என்று நினைக்க வேண்டாம். நன்றாகவே புரியும். நாம் ஒளித்துவைத்தால்தான் தப்பாகப் புரியும்: என்னால்தான் அம்மாவும் அப்பாவும் சண்டை போடுகிறார்கள் என்று. அந்தப் பாரத்தோடு மைதானத்தில் இறங்கும் பிள்ளையால் ஒரு சர்வீஸ்கூட ஒழுங்காகப் போட முடியாது.

பத்து வயதுக்காரனுக்கு வெளிநாட்டு ராக்கெட் வேண்டாம். அகாடமியில் மூத்த பிள்ளைகள் வளர்ந்து விட்டுப்போன பேடு, ஹெல்மெட், ஷூவைக் கேட்டு வாங்குவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. வெளியூர்ப் போட்டிக்கு நாலு வீட்டுப் பிள்ளைகளை ஒரு தகப்பன் முறைபோட்டு அழைத்துப் போனால் கூடப் போகும் ஆளுக்கான செலவு கால்வாசியாகும், லீவும் மிஞ்சும். பிறப்புச் சான்றிதழைப் பிறந்த ஆண்டிலேயே பதிவானதாகத் தயாராக வையுங்கள். வயதுப் புரட்டு மலிந்த நாட்டில் உண்மையான வயதுக்காரனுக்கும் இது இல்லாமல் சிக்கல். பத்தாம் வகுப்புவரை படிப்பை நிறுத்த வேண்டாம். முழுநேரப் பயிற்சி என்று பள்ளியை விடச் சொல்லும் அகாடமியிடம், அப்படி விட்டு, ஆட்டத்திலும் தேறாமல் போன பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் வராது.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது ஒன்றுண்டு. இந்தச் செலவு பல வீடுகளில் எங்கிருந்து வருகிறது தெரியுமா? கூடப் பிறந்த இன்னொரு பிள்ளையின் பங்கிலிருந்து. அண்ணன் கிரிக்கெட் கிட்டுக்காகத் தங்கையின் டியூஷன் நிற்கும். தம்பியின் கேம்புக்காக அக்கா தூரத்து நல்ல காலேஜை விட்டுவிட்டுப் பக்கத்துக் காலேஜில் சேர்வாள். யாரும் அவளிடம் கேட்டிருக்க மாட்டார்கள். விட்டுக்கொடுத்துப் பழகியவளும் வாய்திறந்திருக்க மாட்டாள். மிதாலி வீட்டில் எனக்குப் பிடித்ததே இதுதான்: அண்ணனுக்காகப் போன மைதானத்தில் தங்கையிடம் ஆட்டம் இருப்பது தெரிந்ததும் அந்த அப்பா பணத்தைத் தங்கை பக்கம் திருப்பினார். தொண்ணூறுகளில், ஒரு தமிழ்க் குடும்பத்தில், பெண் பிள்ளைக்கு.

ஆகவே வீட்டை அடமானம் வைக்க வேண்டாம், வைப்பு நிதியில் கைவைக்க வேண்டாம் என்றே சொல்வேன். ஹர்வீர் சிங் கைவைத்தார், கோபிசந்த் அடமானம் வைத்தார், ஜெயித்தார்கள், உண்மைதான். அதே போலக் கைவைத்துத் தோற்ற வீடுகளின் பெயர் நமக்குத் தெரியாது. தோற்றவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. பிள்ளையின் ஆட்டத்துக்காக அப்பாவின் ஓய்வுக்காலமும் அக்காவின் படிப்பும் போகுமென்றால், அது அந்தப் பிள்ளை தலையில் ஏற்றும் கடன். பதினேழு வயதில் முட்டியில் ஒரு தசைநார் கிழிந்தால் ஆட்டம் முடிந்துவிடும். கடன் முடியாது.

ஆனால் இதையெல்லாம் பெற்றோரிடம் மட்டும் சொல்லிவிட்டு நகர்வது நியாயமில்லை. செலவு ஏன் இவ்வளவு ஆகிறது? மைதானம் இல்லாததால். சைனிக்புரி, கப்ரா, ஏ.எஸ்.ராவ் நகர் வட்டாரத்தில் மணிக்கணக்கில் வாடகை வாங்கும் டர்ஃபுகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. பெரிய பள்ளிகளின் மைதானங்களையோ மணி அடித்ததும் பூட்டிவிடுகிறார்கள். அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலியாகிறது, நிரப்புவதில்லை. மாலை நாலரையிலிருந்து ஏழுவரை இந்த மைதானங்களைத் திறந்துவைத்து, வட்டாரத்துக்கு ஒரு தடகளக் கோச்சையும் ஒரு பந்தாட்டக் கோச்சையும் அரசு சம்பளத்தில் போட்டால், எட்டு வயதிலிருந்து பதினாலு வயதுவரையுள்ள அந்த ஆறு வருஷச் செலவில் பெரும்பகுதி வீட்டுத் தலையிலிருந்து இறங்கிவிடும். கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் ஒதுக்கும் சமூகப் பொறுப்பு நிதியை ஒலிம்பிக் விளையாட்டுகளின் பயிற்சிக்குச் செலவிட 2013 சட்டத்திலேயே இடம் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் பஞ்சமில்லை. காலனி நலச் சங்கங்கள் தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் மனுக் கொடுப்பதுபோல இதற்கும் ஒரு மனு எழுதலாம்: பள்ளி மைதானத்தைத் திறங்கள், கோச் ஒருவரைப் போடுங்கள், ரயில் சலுகையைத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வீட்டு வாசலுக்கு வருகிறவர்களிடமும் இந்த மூன்றையும் கேட்கலாம்.